மழைக்கு முன்பே கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ள வேண்டிய ஃப்ளூ ஊசி

என் தங்கைக்கு இது ஐந்தாம் மாதம். மார்கழியில் பிரசவம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவளுடைய பரிசோதனைக் கோப்பை அண்மையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், டிடி ஊசியின் இரண்டு தவணைகள், சர்க்கரைப் பரிசோதனை, ஐந்தாம் மாத ஸ்கேன் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. முடிந்தவற்றில் தேதியும் கையெழுத்தும் இருந்தன. ஃப்ளூ தடுப்பூசிக்கு மட்டும் கட்டமே இல்லை. அடுத்த முறை போனபோது அவளே வாய்விட்டுக் கேட்டாள். “விருப்பமென்றால் போட்டுக்கொள்ளலாம், ஏழாம் மாதம் வரட்டும்” என்று பதில் வந்ததாம். வீடு திரும்பியதும் அவள் மாமியார், “சளிக் காய்ச்சலுக்கெல்லாமா மாசமாக இருக்கிறவளுக்கு ஊசி போடுவார்கள்?” என்று கேட்டிருக்கிறார். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இவ்விரண்டு பேச்சையும் பற்றிச் சில காலமாகத் தேடிப் படித்துவருகிறேன். இரண்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மாமியாரின் கேள்வியில் தவறில்லை. நம் வீடுகளில் மூக்கு ஒழுகினாலும் ஃப்ளூ என்றுதான் சொல்கிறோம். உண்மையான இன்ஃப்ளூயன்சா வரும் விதமே வேறு. காலையில் நன்றாக இருந்தவருக்கு மாலையில் 102, 103 டிகிரி காய்ச்சல் அடிக்கும். உடம்பை அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். வறட்டு இருமல் தொடரும். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடத் தொடங்கிவிடுகிறார்கள். கர்ப்பிணிக்கு அப்படி முடிந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. வயிறு வளர வளர, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால், மூச்சை வெளிவிட்ட பிறகு நுரையீரலில் தங்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடிவிடுகிறது. இதயம் ஏற்கெனவே கூடுதல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றலும் சிசுவை ஏற்றுக்கொள்ளும் விதமாகத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் நிமோனியா வந்தால் தாங்குவதற்குக் கையிருப்பு என்று எதுவும் இல்லை. பிரசவம் ஆன பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

பெரிய கொள்ளைநோய்கள் வந்தபோதெல்லாம் இது வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. 1918ஆம் ஆண்டின் ஃப்ளூவில் பாதிக்கப்பட்ட 1350 கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1919இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களில் 27 சதவீதம் பேர் இறந்துபோனார்கள், நிமோனியா கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். 1957இல் ஆசியக் காய்ச்சல் பரவியபோது மினசோட்டா மாநிலத்தில் அந்நோயால் இறந்த, பிள்ளை பெறும் வயதிலிருந்த பெண்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகளாக இருந்தார்கள். 2009இல் நாம் பன்றிக் காய்ச்சல் என்று அழைத்த எச்1என்1 வந்தது; அமெரிக்க மக்கள்தொகையில் ஒரு சதவீதமே இருந்த கர்ப்பிணிகள், அந்நோயின் இறப்புகளில் ஐந்து சதவீதமாக இருந்தார்கள். இந்த அனுபவங்களுக்குப் பிறகு 2012இல் உலகச் சுகாதார நிறுவனம், ஃப்ளூ தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கும் அல்லது விரிவாக்கும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்று அறிவித்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலும் கர்ப்பிணிகள் இடம்பெற்றிருக்கிறார்கள்; மகாராஷ்டிர அரசு 2015 முதல் அவர்களுக்கு இதை இலவசமாகப் போட்டுவந்திருக்கிறது. ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் டிடி ஊசிக்கு இருக்கும் இடம் ஃப்ளூ ஊசிக்கு இல்லை. கோப்பில் கட்டம் இல்லாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை இந்த ஊசிக்கான வலுவான காரணம் தாயைவிடக் குழந்தையிடம்தான் இருக்கிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி எந்த நாட்டிலும் போடப்படுவதில்லை. ஃப்ளூவால் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அதிகமாக இருப்பதோ அந்த ஆறு மாதங்களில்தான். இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும் எதிர்ப்பொருள் மட்டுமே. டாக்காவில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 340 கர்ப்பிணிகளிடம் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் மற்றப் பாதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஃப்ளூவைத் தடுக்காத நிமோகாக்கல் ஊசியும் போட்டு, பிறந்த குழந்தைகளை ஆறு மாதம் வரை கவனித்தார்கள். ஃப்ளூ ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 6 பேருக்கும் மற்றவர்களின் குழந்தைகளில் 16 பேருக்கும் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ வந்தது; அதாவது 63 சதவீதக் குறைவு. நம்மைப் போன்ற தட்பவெப்பமும் நெரிசலும் உள்ள வங்கதேசத்தில் கிடைத்த முடிவு என்பதால், பனி பெய்யும் நாடுகளின் கணக்கைவிட இதை நான் நெருக்கமாக எடுத்துக்கொள்கிறேன்.

பின்னால் தென்னாப்பிரிக்கா, மாலி, நேபாளம் ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளும் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைப்பதை உறுதிப்படுத்தின. ஆனால் தென்னாப்பிரிக்கத் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, முதல் எட்டு வாரங்களில் 85 சதவீதத்துக்கு மேல் இருந்த பாதுகாப்பு அதற்குப் பின் சட்டென்று சரிந்தது தெரியவந்தது. நேபாளத்தில், ஊசி போட்ட தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது 15 சதவீதம் குறைந்தது. மற்ற இரண்டு நாடுகளில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஆகவே “ஊசி போட்டால் குழந்தை எடை கூடும்” என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இருக்கிற பலனே போதுமானது. இல்லாததைச் சேர்த்துச் சொல்லி விற்கும் அவசியம் இந்த ஊசிக்கு இல்லை.

இனி, “ஏழாம் மாதம் வரட்டும்” என்ற பதிலுக்கு வருகிறேன். இதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் போட்டால் சிசுவுக்குப் போய்ச் சேரும் எதிர்ப்பொருள் கூடுதலாக இருக்கும். ஆனால் ஃப்ளூ நம் கர்ப்பத்தின் மாதத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இந்தியாவின் பல நகரங்களில் பல ஆண்டுகள் நடந்த கண்காணிப்பில், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், டெல்லி, கொல்கத்தா, புனே போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியும், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது தெரியவந்தது. ஐப்பசியின் அடைமழைதான் நமக்கு ஃப்ளூ காலம். ஊசி போட்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு, செப்டம்பருக்குள், போட்டுக்கொள்வதே இங்கே பொருத்தம்.

இந்தக் கணக்கின்படி, செப்டம்பரில் இரண்டாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண்ணை ஏழாம் மாதம் வரை காக்கவைத்தால், மழைக்காலம் முழுவதையும் அவள் பாதுகாப்பில்லாமல் கடந்துபோக வேண்டியிருக்கும். மசக்கையில் எதையும் உண்ண முடியாமல் கிடக்கும் அந்த மாதங்களில் கடுங்காய்ச்சலே சிசுவுக்குக் கேடு. தண்டுவட, மூளை வளர்ச்சிக் குறைபாடுகளோடு முதல் மாதங்களின் கடுங்காய்ச்சலுக்குத் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. என் தங்கையின் கதை வேறு. அவளுக்கு ஏழாம் மாதம் அக்டோபரில் வரும். வளைகாப்பும் அதே சமயத்தில்தான். ஊரெல்லாம் இருமிக்கொண்டிருக்கும் ஒரு மாதத்தில், உறவுக்காரர்கள் வரிசையாக வந்து இவள் கன்னத்தில் சந்தனம் தடவி, முகத்துக்கு நேரே குனிந்து வளையல் போடுவார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பாவது ஊசி உள்ளே போயிருக்க வேண்டாமா? செப்டம்பரில் அவளுக்கு ஆறாம் மாதம். அவளுக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் பார்த்தால் அதுவே நல்ல நேரம் என்பது என் கருத்து. எந்த மாதத்திலும் போடலாம் என்றே உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது; இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அச்சங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகவே ஊசியால் ஃப்ளூ வராது. கை வலியும், சிலருக்கு ஒருநாள் இலேசான காய்ச்சலும் வரலாம். மூக்கில் விடும் வகை வேறு. அதில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. கருச்சிதைவு பற்றிய பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் எச்1என்1 அடங்கிய ஊசி போட்டுக்கொண்டவர்களிடம், ஊசிக்குப் பிந்தைய 28 நாட்களில் கருச்சிதைவு கூடுதலாக இருப்பதுபோல் தெரிந்தது. அதே குழுவினர் அதைவிடப் பெரிய எண்ணிக்கையில் பிந்தைய ஆண்டுகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆராய்ந்தபோது, 2019இல், அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. முதல் செய்தி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. இரண்டாவது செய்தியை எனக்கு இதுவரை யாரும் அனுப்பவில்லை.

ஊசி முழுப் பாதுகாப்பு தரும் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்கா, கனடா, இஸ்ரேல், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 2010 முதல் 2016 வரையிலான இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஃப்ளூவால் கர்ப்பிணிகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதை ஊசி 40 சதவீதம் குறைத்தது தெரிந்தது. நாற்பதுதானா என்று கேட்கலாம். மழைக்கோட்டு போட்டவருக்கும் கால் நனையத்தான் செய்யும். அதற்காக அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் இறங்குவோர் இல்லை.

கிளினிக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியில் எந்தெந்த வகைகள் இருக்கவேண்டும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் பூமியின் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், அறிவிக்கிறது. அட்டைப்பெட்டியின் மேலேயே எந்த ஆண்டுக்கான ஊசி, எந்த அரைக்கோளத்துக்கானது என்று அச்சிட்டிருப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துவரும்போது அதையும் காலாவதித் தேதியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து நிரப்பப்பட்டே வரும் சிறிய ஊசி, அரை மில்லி அளவு, மேற்கையில் போடுவார்கள். போன ஆண்டு போட்டிருந்தாலும், முதல் பிரசவத்தின்போது போட்டிருந்தாலும், இந்த ஆண்டுக்கு மறுபடியும் போடவேண்டும். தனியார் கிளினிக்குகளில் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இது ஒரு செலவுதான் என்பதை மறைப்பதற்கில்லை.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்தால், அல்லது போடாமலே வந்துவிட்டால், முதல் இரண்டு நாட்களைக் கஷாயத்தில் கழித்துவிடக் கூடாது. நிலவேம்பைக் கர்ப்பிணிகள் தாமாகவே வைத்துக் குடிக்கவும் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம், இபுபுரூஃபன் வேண்டாம். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரையைக் கர்ப்ப காலத்திலும் தரலாம். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். 2009இல் அமெரிக்காவில் ஃப்ளூ கண்ட கர்ப்பிணிகளில், இரண்டு நாட்களுக்குள் மருந்து தொடங்கியவர்களில் 9 சதவீதம் பேருக்கும், நான்கு நாட்கள் கழித்துத் தொடங்கியவர்களில் 57 சதவீதம் பேருக்கும் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. இந்திய அரசின் எச்1என்1 வழிகாட்டுதல், ஃப்ளூ அறிகுறி உள்ள கர்ப்பிணிகளை ‘பி’ வகையின் இரண்டாம் பிரிவில் வைத்திருக்கிறது. பரிசோதனை எதுவும் செய்யாமலே மாத்திரையைத் தொடங்கலாம் என்பது அதன் பொருள். “டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்” என்று யாராவது சொன்னால் இதைப் பணிவாக நினைவூட்டலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி 95க்குக் கீழே காட்டினால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

எட்டு வாரங்களுக்குப் பின் குழந்தையின் பாதுகாப்பு சரிகிறது என்று மேலே சொன்னேன். ஆகவே குழந்தையைத் தூக்கப்போகிறவர்களும் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும்: கணவர், பிரசவத்துக்குப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா, கேள்வி கேட்ட அந்த மாமியாரும்தான். அவருக்கு 65 வயதாகிறது, சர்க்கரையும் இருக்கிறது, அவருக்கே இது தேவை. தாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை. முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுக்கலாம். முடியாத அளவுக்குச் சோர்வாக இருந்தால் பீய்ச்சி எடுத்து வேறொருவர் புகட்டலாம். ஒசெல்டாமிவிர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் பால் கொடுக்கலாம். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும் நான்கு வார இடைவெளியில் அதற்கே இரண்டு தவணை போட்டுவிடலாம். தங்கையின் குழந்தைக்கு அது அடுத்த ஜூன் மாதம் வாக்கில் வரும், அடுத்த மழைக்கு முன்பே.