கிணற்றுக்கு ஏற்ற பம்பி

நீர்வழங்கல் திட்டங்களில் இயந்திரப் பொறியியலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த பிறகும், பம்பி ஒன்றைத் தெரிவுசெய்து கையொப்பமிடும் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத் தீவகத்துக் கிணறு ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அங்கு நான் போட்ட பம்பியில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஊரின் தேவை, தாங்கியின் உயரம், குழாயின் உராய்வு எல்லாவற்றையும் கணக்கிட்டு, இரண்டு மணி நேரத்தில் தாங்கி நிரம்பும்படி அதைத் தெரிவுசெய்திருந்தேன். ஓடத் தொடங்கி மூன்றாம் மாதம், கிணற்றடிக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு செம்பை நீட்டினார். "தம்பி, ஒருக்கா வாயில விட்டுப் பாருங்கோ, தண்ணி உவர்க்குது." நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியைக் கொண்டுவந்து அன்று மாலை அளந்தபோது அவர் நாக்குச் சொன்னது சரியாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். எங்கள் குடிநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரே. அது கீழே ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி சற்றே கூடுதலாக இருப்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால் பயம் பிடிக்கும்: இறைப்பினால் மட்டம் ஒரு சாண் இறங்கி அப்படியே நின்றால், அடியிலுள்ள உவர்நீர் பல மீற்றர் மேலேறப் பார்க்கும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மிதிப்பவர் களைத்து இறங்கும்போது கிணறும் ஊறிக்கொண்டது. மோட்டருக்குக் களைப்பு இல்லை.

என் தவறு கணக்கில் அல்ல, அதற்கு முன்னால் நடந்தது. கிணற்றின் ஊற்றை அளக்கும் சோதனை இறைப்பு தை மாதத்தில், மாரி மழை முடிந்து கிணறு முட்ட நிறைந்திருந்தபோது செய்யப்பட்டிருந்தது. அந்த அறிக்கையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். போதாததற்கு, எதிர்காலத் தேவைக்கென்று ஒரு சுற்றுப் பெரிய பம்பி போடும் வழக்கத்தையும் பின்பற்றினேன். இந்த மண்ணில் அந்த வழக்கம் ஆபத்தானது என்றே இன்று நினைக்கிறேன். இப்போது என் திட்டங்களில் ஆவணி, புரட்டாதியில் செய்த சோதனை இல்லாமல் பம்பியின் அளவைப் பற்றிப் பேசவே தொடங்குவதில்லை.

அந்தப் பம்பியைக் கழற்றிவிட்டுச் சிறியதொன்றைப் பொருத்தி, இரண்டு மணி நேர வேலையைப் பதினாறு மணி நேரத்துக்குப் பரப்பினோம். நல்ல தண்ணீர் மேலேதான் நிற்கும் என்பதால் உறிஞ்சும் குழாயின் வாயை உயர்த்தினோம். மட்டம் குறித்த அளவுக்குக் கீழே போனால் மோட்டர் தானாக நிற்கும்படி உணரிகளையும் இறக்கினோம். அப்படியிருந்தும் பழைய சுவை திரும்ப இரண்டு மாரி பிடித்தது.

யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். அது எங்களுக்கு மிகவும் வேண்டியதே. ஆனால் இத்தகைய நிலையங்களில் ஒரு கன மீற்றர் நீருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். ஐந்து மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து அதே அளவு நீரை மேலே தூக்க, பம்பியில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தாலும் ஓர் அலகில் முப்பதில் ஒரு பங்கு போதும். உவராகிக் கைவிடப்படும் ஒவ்வொரு கிணற்றுக்கும் பதிலாக ஏறத்தாழ நூறு மடங்கு மின்சாரத்தைச் செலவழித்தே நாங்கள் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு புரட்டாதியிலும் அந்தக் கிணற்றுக்குப் போய் நீர்மட்டத்தை அளக்கிறேன். மானியை எடுப்பதற்கு முன் அந்த அம்மாவிடம் செம்பைக் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.