யாத்திராகமம் 33: அடுத்த வசனம்

உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவல் ஆணையைக் கொடுத்த கையோடு ஒருவருக்கு வேதவசனமும் சொல்லலாமா? சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும் என்று சில நாள் உறுதியாகத் தோன்றுகிறது. வேறு சில நாள் காலை ஜெபத்துக்கு உட்காரும்போது, அதைச் சொன்னது அவருடைய ஆறுதலுக்காகவா என்னுடைய ஆறுதலுக்காகவா என்று மனம் கேட்கிறது. இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான்.

அந்த ஆண்டு, ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடும் ஆகஸ்ட் 1ஆம் தேதி, நான் தலைமையாசிரியையாக இருக்கும் எங்கள் சபைப் பள்ளியில் 86 பிள்ளைகள். 91 இருந்திருந்தால் நான்காவது ஆசிரியர் பணியிடம் தப்பியிருக்கும். அரசின் எமிஸ் இணையப் பதிவில் ஏறிய எண்ணிக்கையை நான் மாற்ற முடியாது, முடிந்தாலும் மாற்றமாட்டேன். இல்லாத பிள்ளைக்கு வருகை போடும் பழக்கம் என் காலத்தில் இங்கே இருந்ததில்லை. பணிமூப்பில் இளையவர் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆகவே உபரி அவர்தான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில்தான் அவருடைய கணவர் மாரடைப்பில் இறந்திருந்தார். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மாமியார் படுக்கையில். அவர் போகவேண்டிய பள்ளி எங்கள் நிர்வாகத்துடையதுதான் என்றாலும் இரண்டு பஸ் மாறவேண்டும். விடிவதற்குள் கிளம்பினால்தான் முதல் மணிக்குப் போய்ச் சேரலாம்.

மாலை மணி அடித்த பிறகு அவருடைய வகுப்புக்குப் போனேன். எண்ணும் எழுத்தும் அட்டைகளைப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். உறையைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். கையெழுத்துக்குக் கீழே இருந்த நகல் பட்டியல்வரை ஒரு வரி விடாமல் வாசித்து, பழைய மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்தார். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் அந்த ஆண்டுக்கான வசனம் எழுதிய அவருடைய வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து அவர் கையில் வந்தது அது. அதிலிருந்த யாத்திராகமம் 33:14ஐக் காட்டி வாசித்தேன், மோசேக்குக் கர்த்தர் தம் பிரசன்னத்தை வாக்களிக்கும் வசனம்: “என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்.” பிறகு, “கர்த்தர் ஜனவரியிலேயே உங்களிடம் சொல்லிவிட்டார், டீச்சர். அவரிடத்தில் இளைப்பாறுங்கள். அந்தப் பள்ளிக்கும் அவர் முன்னாலே போயிருப்பார்” என்றேன்.

“அடுத்த வசனம் ஞாபகம் இருக்கிறதா, பெரிய டீச்சர்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்தது என்று நினைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

ஞாபகம் இருந்தது. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லும் ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டு பாடம் நடத்தியவளுக்கு இல்லாமல் போகுமா? மோசே சொல்லும் பதில் அது: “உம்முடைய சமுகம் என்னோடேகூடச் செல்லாமற்போனால், எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகாதிரும்.” அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அட்டைக் கட்டுகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, “மூன்றாம் வகுப்பை யார் பார்ப்பார்கள்? ஒரு பையனுக்கு ‘ல’வும் ‘ள’வும் இன்னும் குழம்புகிறது, அவனை முன்வரிசையில் உட்கார வையுங்கள்” என்றார். அவ்வளவுதான் நடந்தது.

நான் சொன்னது பொய் அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கணவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நாட்களில், பக்கத்துக் கட்டில் பையனின் தாய், பீடி சுற்றிப் பிழைக்கிறவர், தம் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்: “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்.” அன்று இரவு தூங்கினேன். மறுநாள் டாக்டர் சொன்னதில் ஒரு மாற்றமும் இல்லை. கணவரும் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தூக்கம் கர்த்தர் தந்தது. அன்றைக்குப் பிறகு என்னைத் தாங்கியதும் அதுதான். இப்படிப் பெற்றுக்கொண்ட ஒன்றை, தேவைப்படும் நேரத்தில் ஒரு சகோதரிக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதுதான் பாவம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தாய் என்னோடு அதே தரையில் உட்கார்ந்திருந்தார். தம் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. நானோ மாற்றல் ஆணையில் என் கையெழுத்தும் இருக்க, மறுநாளும் இதே பள்ளியில் என் நாற்காலி எனக்கு இருக்க, இளைப்பாறச் சொன்னேன். அதே கர்த்தர், அதே வாக்குத்தத்தம். கேட்கிறவருக்கும் ஒன்றுதானா?

எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் ஊர் ஊராகப் பள்ளிகள் எழுந்த சீமை இது. கோவிலும் பள்ளியும் ஒரே சுற்றுச்சுவருக்குள் நிற்கின்றன. திங்கட்கிழமை நான் தலைமையாசிரியை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்பு டீச்சர் பாட்டு எடுத்துக்கொடுக்க, பின்னால் நின்று பாடுகிறவள். அலுவலகப் பேச்சு முடிந்து ஜெபப் பேச்சு தொடங்கும் இடம் எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இதைப் பற்றிச் எங்கள் சேகரத்துக் குருவானவரின் மனைவி ஐயரம்மாவிடம் பேசினேன். அவர்களுக்கும் சில ஆண்டுக்கு ஒரு மாற்றல். பிள்ளைகள் பள்ளி மாறுவதும் பாத்திரம் பண்டம் கட்டுவதும் அவர்களுக்குப் பழக்கம். “என்னிடமும் எல்லாரும் வசனம்தான் சொல்வார்கள். பெட்டி கட்ட ஒருவர் வந்தால் அந்த வசனம் இன்னும் நன்றாகக் கேட்கும்” என்றார்கள். அதை மறக்க முடியவில்லை.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. ஆணை வருவதற்கு முன்பே தாளாளரிடம் போய், மார்ச் வரை விட்டுவையுங்கள், பெண் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்று கேட்டேன். உபரி என்று ஆனபின் அந்தப் பணியிடத்துக்கு மானியம் வராது, சம்பளம் யார் கொடுப்பது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இதை மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் நான் சொல்லவே இல்லை. உனக்காகப் பேசினேன் என்று சொல்வது நன்றி கேட்பதுபோல் ஆகிவிடும் என்று கூசினேன். அந்தக் கூச்சம் நல்லதுதான் என்று வெகுநாள் நம்பினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. தனக்காக ஒருவர் வாதாடினார், தோற்றார் என்று தெரிந்திருந்தால், அந்த வாக்குத்தத்தம் அவர் காதில் வேறு விதமாக விழுந்திருக்கலாம். மோசே செய்ததும் அதுதானே? தனக்கு வந்த வாக்கை வாங்கிக்கொண்டு அவன் போய்விடவில்லை. “நானும் உம்முடைய ஜனங்களும்” என்று நின்று பேசினான். கர்த்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. “நீ சொன்ன இந்த வார்த்தையின்படியே செய்வேன்” என்றார். இத்தனை வருடம் 14ஆம் வசனத்தை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுத்த நாங்கள், அந்த உரையாடலைப் பிள்ளைகளுக்கு முழுவதும் சொல்லிக்கொடுத்தோமா என்று யோசிக்கிறேன்.

சென்ற ஆண்டு சபையார் கூடி உண்ணும் அசனப் பந்தியில் மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். முதல் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் இறங்கும்வரை ஜெபம், அந்த நேரம்தான் தமக்கு உண்மையான ஓய்வு, வீட்டில்கூட அப்படிக் கிடைத்ததில்லை என்றார். “சமுகம் முன்னாலே போனது, பெரிய டீச்சர். அது உண்மை.” நான் பெருமூச்சு விடுவதற்குள் தொடர்ந்து சொன்னார்: “ஆனாலும் போகமாட்டேன் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. யாரும் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.”

இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வந்தன என்று வெகுநாள் புரியாமல் இருந்தேன். இளைப்பாறுதல் கிடைத்தவருக்கு மனக்குறை தீர்ந்துவிடும் என்று நான் எண்ணியிருந்தேன்போலும். என் கணவர் போய் இத்தனை ஆண்டு ஆகியும், அந்த இரவுத் தூக்கத்துக்காக ஸ்தோத்திரம் சொல்கிற அதே ஜெபத்தில், ஏன் அவரை எடுத்துக்கொண்டீர் என்றும் கேட்கிறேன். கர்த்தர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நம்புகிறேன்.

இப்போது எங்களிடம் 64 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பிலிருந்து 17 பேர் போகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர் வந்தால் பெரிது. மற்றவர்கள் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறார்கள். 61க்குக் கீழே இறங்கினால் மூன்றாவது பணியிடமும் போகும். அடுத்து இளையவர், சென்ற மாதம்தான் குழந்தை பெற்று மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். தாளாளரைப் பார்க்கப் போகும்போது இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். அவர் சொல்ல வேண்டியதை அவரே சொல்லட்டும். பலன் இருக்கும் என்று தோன்றவில்லை. ஆணை வந்தால் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறவளும் நான்தான். அப்போது வசனம் சொல்லாமல் திரும்பிவர என்னால் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.