இடி கேட்டா உள்ள போயிடுங்க, தண்ணி ஓடுனா திரும்பிடுங்க

இடி சத்தம் காதுல விழுதுன்னாலே மின்னல் உங்கள தொடுற தூரத்துலதான் இருக்கு, மழை பெய்யுற இடத்துலேர்ந்து 15 கிலோமீட்டர் தள்ளி கூட விழும், அதனால மழை வரட்டும் பாத்துக்கலாம்னு நிக்காதீங்க. மரத்தடி வேண்டவே வேண்டாம். பக்கத்துல கட்டடம் இல்லன்னா கண்ணாடி ஏத்துன கார் பரவால்ல, காப்பாத்துறது டயர் ரப்பர் இல்ல, சுத்தி இருக்குற மெட்டல் பாடிதான். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சு வெளிய வாங்க.

ஆனா எனக்கு மின்னல விட பயம் தண்ணிதான். கணுக்கால் அளவுதானேன்னு இறங்கிடுறோம், வேகமா ஓடுற தண்ணி 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆள சாய்ச்சிடும், 30 இருந்தா சின்ன கார இழுக்கும், 60 வந்துட்டா பெரிய வண்டியையும் தூக்கிட்டு போயிடும், அதுலயும் ராத்திரில அந்த கலங்கல் தண்ணிக்கு அடியில ரோடு இருக்கா இல்ல அரிச்சிட்டு போயிடுச்சான்னே தெரியாது. தயவுசெஞ்சு வண்டிய திருப்பிடுங்க, லேட்டானா ஆகட்டும். மாட்டிக்கிட்டு கார் மிதக்க ஆரம்பிச்சா போன எடுத்து யாருக்கும் அடிச்சிட்டு இருக்காதீங்க, சீட் பெல்ட்ட கழட்டி உடனே ஜன்னல் கண்ணாடிய இறக்கி வெளிய வந்துடுங்க, தண்ணி ஏறிட்டா அந்த அழுத்தத்துல கதவ தொறக்கவே முடியாது.