திப்பியும் கடலைப் புண்ணாக்கும்

மக்காச்சோளம் விலை ஏறினால் சேலம், நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர்களுக்குச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி நினைவுக்கு வரும். மரவள்ளிக் கிழங்கில் மாவுப்பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. மாவுச்சத்து தாராளம், புரதமோ 2, 3 சதவீதத்தைத் தாண்டாது. பிராய்லர் குஞ்சின் ஆரம்பத் தீவனத்தில் 22 சதவீதமாவது வேண்டும், அதனால் திப்பி சேர்த்தால் சோயாப் புண்ணாக்கையும் கூட்டியே ஆக வேண்டும். நார்ச்சத்தும் அதிகம், குஞ்சுக்குச் செரிக்காது. வளர்ந்த கோழிக்கு மட்டும் அளவோடு போடுங்கள்.

திப்பியை நல்ல வெயிலில் காயவையுங்கள். கையில் நொறுக்கினால் பொடியாக வேண்டும், பிசுபிசுத்தால் சேர்க்காதீர்கள்.

கடலைப் புண்ணாக்கில்தான் எனக்குப் பயம் அதிகம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். கோழியின் ஈரல் வீங்கி வெளுத்துவிடும். வறுத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது. தயவுசெய்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே சரக்கை இறக்குங்கள்.