மாயா நாட்காட்டி: இரண்டு பற்சக்கரமும் ஒரு வெள்ளிக்கோள் நாடாவும் செய்து பார்த்தது

மாயா நாட்காட்டியைப் பற்சக்கரங்களாக வரைந்த படம் எல்லோரும் பார்த்ததுதான். மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியில் வாழ்ந்த அந்தக் காலத்து மாயர்கள் அப்படி ஒரு பொறியைச் செய்ததில்லை. அது பிற்காலத்தில் பாடம் சொல்ல வரைந்த படம். ஆனாலும் வெட்டிச் சுழற்றிப் பார்த்தால் எண்கள் கையில் பதிகின்றன. இதுவரை நடந்த வேலையின் குறிப்பு இது.

13, 20 சக்கரங்கள்

ட்ஸோல்கின் என்ற 260 நாள் சுற்றுக்கு 1 முதல் 13 வரை எண்கள், இமிஷ் முதல் அஹாவ் வரை 20 நாள் பெயர்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரு படி நகரும். 1 இமிஷுக்கு மறுநாள் 2 இக், அதற்கடுத்து 3 அக்பல். '2 இமிஷ்' என்று எழுதுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

பல்லுக்குப் பல் 30 மி.மீ. இடைவெளி வைத்தால் 13 பல் சக்கரத்தின் விட்டம் 124 மி.மீ., 20 பல் சக்கரத்துக்கு 191 மி.மீ. மைய அச்சுகளுக்கு இடையே கணக்குப்படி 157.5 மி.மீ. வரும். 159 வைத்தபோதுதான் சிக்காமல் ஓடியது. அச்சுக்கு 6 மி.மீ. போல்ட், இருபுறமும் வாஷர். பெட்டி அட்டையில் வெட்டிய முதல் சோடி ஐம்பது அறுபது படிகளிலேயே பல் நசுங்கி வழுக்க ஆரம்பித்தது. 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் அந்தத் தொல்லை இல்லை.

13 பல்லுக்குக் கோணம் 27.69 பாகை. 28 என்று முழுதாக்கினால் 13 × 28 = 364 ஆகி, கடைசிப் பல் 4 பாகை குறுகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரே இடத்தில் சக்கரம் இறுகினால் காரணம் இதுதான்.

இன்னொன்று, கவ்வியிருக்கும் இரு சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஆகவே ஒன்றில் வலஞ்சுழியாகவும் மற்றதில் இடஞ்சுழியாகவும் எழுத வேண்டும். இரண்டிலும் ஒரே திசையில் எழுதினால் எண் ஏறும்போது பெயர் பின்னோக்கிப் போகும். சரிபார்க்க எளிய வழி: 1 இமிஷில் தொடங்கி 13 படி நகர்த்தினால் 1 இஷ், 20 படி நகர்த்தினால் 8 இமிஷ் வர வேண்டும்.

365 நாள் ஹாப்

இதைப் பற்சக்கரமாக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. அதே 30 மி.மீ. இடைவெளியில் 365 பல்லுக்கு விட்டம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரும். 40 செ.மீ. வட்டத் தட்டு, விளிம்பில் நாளுக்கு 3.4 மி.மீ. கோடு, கையால் நகர்த்தும் முள். இது போதும்.

18 மாதங்களுக்குத் தலா 20 நாள், கடைசியில் வயெப் 5 நாள். தட்டை 19 சமபங்காகப் பிரித்துவிடக் கூடாது. மாதத்துக்கு 19.73 பாகை, வயெப்புக்கு 4.93 பாகை. நாள் எண்ணும் 1இல் தொடங்குவதில்லை. மாதம் 'அமரும்' நாள் 0. ஆண்டின் முதல் நாள் 0 போப், அந்த மாதத்தின் கடைசி நாள் 19 போப்.

கையால் நகர்த்துவதால் ஒருநாள் பிசகு வந்துகொண்டே இருந்தது. அதைப் பிடிக்கும் வழி நாட்காட்டியிலேயே இருக்கிறது. 20, 365 இரண்டும் 5ஆல் வகுபடுவதால், அஹாவ் நாளில் ஹாப் எண் 3, 8, 13, 18 மட்டுமே வரும். இக், மனிக், எப், கபான் நாட்களில் 0, 5, 10, 15 மட்டுமே. 'அஹாவ் 7' என்று காட்டினால் முள் தவறு. 260ம் 365ம் சேர்ந்து மறுபடி தொடங்க 18,980 நாள், அதாவது 52 ஹாப் ஆண்டுகள் ஆகும்.

நீள் எண்ணிக்கையும் விரிதாளும்

நீள் எண்ணிக்கை என்பது ஒரு தொடக்கநாளிலிருந்து கழிந்த நாட்களை எண்ணும் முறை. அந்தத் தொடக்கநாள் 4 அஹாவ் 8 கும்கு (கும்கு ஹாப்பின் 18ஆம் மாதம்). மாயா நாளை நம் நாளோடு பொருத்த உதவுவது இணைப்பெண். பெரும்பாலோர் ஏற்கும் 584283 என்ற இணைப்பெண்படி, இன்றைய கிரெகோரியன் முறையைப் பின்னோக்கி நீட்டினால் அது கி.மு. 3114 ஆகஸ்ட் 11. 584285 எடுத்தால் எல்லாமே இரண்டு நாள் தள்ளும். குவாத்தமாலா மலைநாட்டு நாள்காப்பாளர்கள் இன்றும் எண்ணிவரும் 260 நாள் கணக்கோடு 584283 ஒத்துப்போவதால் அதையே வைத்துக்கொண்டோம். குவிரிகுவா ஊரின் 'சி' கல்தூண் அந்தத் தொடக்கநாளில் மூன்று கற்கள் நடப்பட்டதாகச் சொல்கிறது. அடுப்பின் மூன்று கற்களை ஓரியன் கூட்டத்து மூன்று விண்மீன்களாகக் கிச்சே மாயர்கள் இன்றும் காட்டுகிறார்கள்.

எக்செல் விரிதாளில் தேதியின் வரிசை எண்ணோடு 1,830,736ஐக் கூட்டினால் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்கள் கிடைக்கும். இதை 'ந' என்போம். ந + 3ஐ 13ஆல் வகுத்த மீதியோடு 1 சேர்த்தால் ட்ஸோல்கின் எண். ந + 19ஐ 20ஆல் வகுத்த மீதியோடு 1 சேர்த்தால் நாள் பெயரின் இடம். ந + 348ஐ 365ஆல் வகுத்த மீதி, ஹாப்பில் 0இலிருந்து எண்ணிய இடம். எக்செல் 1900ஐத் தவறாக லீப் ஆண்டாகக் கொள்வதால், 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதிகளுக்கு ஜூலியன் நாள் எண்ணிலிருந்து (வானியலார் நாட்களை இடைவிடாமல் எண்ணும் வரிசை) 584283ஐக் கழித்து 'ந' எடுக்கவும்.

சோதனைக்கு 2012 டிசம்பர் 21: ந = 1,872,000, அதாவது 13.0.0.0.0 (இடமிருந்து இடங்களின் மதிப்பு 144,000, 7,200, 360, 20, 1 நாள்), 4 அஹாவ் 3 கன்கின். உலகம் அழியும் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. பலெங்கே கல்வெட்டு கி.பி. 4772 வரை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

வெள்ளி நாடா

இந்த வேலையில் மனதை அள்ளியது இந்தப் பகுதிதான். டிரெஸ்டன் சுவடி என்ற பழைய மாயா நூலின் வெள்ளிக்கோள் அட்டவணை ஒரு சுற்றை 236 + 90 + 250 + 8 = 584 நாளாகப் பிரிக்கிறது: விடிவெள்ளியாக, மறைந்து, மாலை வெள்ளியாக, மறுபடி மறைந்து. நாளுக்கு 1 மி.மீ. என்று 2,920 மி.மீ. காகித நாடா எடுத்து ஐந்து சுற்றையும் குறித்தாயிற்று. 5 × 584 = 8 × 365 என்பது கண்ணெதிரே நிற்கிறது.

வானத்தோடு ஒப்பிட்டால், வெள்ளி பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வந்த நாட்கள் 2017 மார்ச் 25, 2018 அக்டோபர் 26, 2020 ஜூன் 3, 2022 ஜனவரி 9, 2023 ஆகஸ்ட் 13, 2025 மார்ச் 23. இடைவெளிகள் 580, 586, 585, 581, 588. ஒன்றுகூட 584 இல்லை. கூட்டினால் சரியாக 2,920. ஒற்றைச் சுற்றை மட்டும் அளந்துவிட்டு அட்டவணை தவறு என்று முடிவுகட்டுவது இங்கே எளிதில் நேரும் பிழை. 8 நாள் மறைவும் சராசரிதான். மாயா நிலப்பகுதியில் பருவத்தைப் பொறுத்துச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மாறும். 236, 90 இரண்டும் கண்ணுக்குத் தெரியும் காலத்தோடு பொருந்துவதில்லை. 236 எட்டுச் சந்திர மாதங்களுக்கு மிக அருகில் இருப்பது கவனிக்கத்தக்கது.

சுற்றுக்கு 584 படி நகர்த்தினால் பெயர் நான்கு இடம் முன்னேறும், எண் ஒன்று குறையும்: 1 அஹாவ், 13 கான், 12 லமத், 11 எப், 10 கிப், 9 அஹாவ். 65 சுற்று முடிந்தால், 37,960 நாளில், மறுபடி 1 அஹாவ். ஆனால் உண்மைச் சராசரி 583.92 நாள் என்பதால் அதற்குள் கணக்கு 5 நாள் பிந்திவிடும். 5 நாளை வெட்டி எறியவும் முடியாது, ஏனென்றால் தொடக்கம் 1 அஹாவாகவே இருந்தாக வேண்டும். 'ஹுன் அஹாவ்', அதாவது ஒன்று அஹாவ், பாதாளத்தை வென்ற இரட்டையரில் ஒருவரின் பெயர். கிச்சே மாயர்களின் புராண நூலான போபோல் வூ அவரையே ஹுனாஹ்பு என்கிறது. தொன்மம் கணிதத்துக்கு வைத்த நிபந்தனை இது.

அதற்கு அவர்கள் கண்ட வழி: 61 சுற்றில் நிறுத்தி 4 நாளைக் கழித்தால் 35,620, அதாவது சரியாக 137 × 260. நாடாவின் கடைசியில் 4 மி.மீ. மடித்து ஒட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் முள் 1 அஹாவில் வந்து நிற்கிறது. வானத்தோடு வேறுபாடு ஒரு நாளுக்கும் குறைவு. 57 சுற்றில் 8 நாள் கழிக்கும் இன்னொரு திருத்தமும் உண்டு: 33,280 = 128 × 260. நான்கு முறை 61ம் ஒரு முறை 57ம் சேர்த்தால் 301 சுற்று, ஏறக்குறைய 481 ஆண்டு. அப்போதும் ஒரு நாள்கூடப் பிசகாது. வெறும் கண்ணால் பார்த்து எழுதியவர்களின் கணக்கு இது.

நாடாவில் அடுத்த குறி, வெள்ளி மறுபடி பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வரும் 2026 அக்டோபர் 24: 13.0.14.0.15, 2 மென் 8 சக். சராசரிப்படி 28 வர வேண்டும், வெள்ளி நான்கு நாள் முந்துகிறது. அந்த மாதக் கடைசியிலிருந்து விடியலுக்கு முன் கிழக்கே பார்த்து, முதலில் தெரியும் நாளை நாடாவில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும்.