தலை திரும்பும், சிறுத்தை திரும்பாது

பாடசாலைக் கலை விழாவுக்குச் சிறுத்தை வேஷம் என்று பேச்சு வந்த அன்றே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாராவது ஒரு மாமா, "இதுக்கென்ன, பழைய கொழுந்துக் கூடையைக் கவுத்துப் போட்டா முடிஞ்சுது" என்பார். முடியாது. கூடை தோளில் உட்காரும், தலையில் உட்காராது. உள்ளே பிள்ளை இடப்பக்கம் திரும்பும். வெளியே சிறுத்தை நேராகவே பார்த்துக்கொண்டு நிற்கும்.

சிறுத்தைத் தலைக்குக் கட்டும் மூங்கில் கூடு உச்சந்தலையில் நிற்க வேண்டும், நெற்றியோடு சேர்ந்து திரும்ப வேண்டும். புருவத்துக்கு மேலே தையல் டேப்பால் சுற்றளவு எடுங்கள். 54 சென்டிமீட்டர் வந்தால் வளையத்தை 62க்குக் கட்டுங்கள். மிச்சம் எட்டும் உள்ளே ஒட்டும் ஒரு சென்டிமீட்டர் ஸ்பொஞ்சுக்குச் சரியாகப் போய்விடும். அதன்மேல் காதுக்குக் காது ஒரு வளைவு, நெற்றிக்கும் பிடரிக்கும் ஒரு வளைவு. இரண்டும் உச்சியில் சந்திக்கும்.

கீழ் வளையத்தில்தான் கூத்து. கழுத்தை அளந்து 35க்குக் கட்டுகிறவர்கள் உண்டு. பிள்ளையின் தலையில் வைத்தே கட்டுவதால் பார்க்க அம்சமாக இருக்கும். கழற்றும்போது வீடு வீடாகக் குறடு தேடுவார்கள். நாடியும் பின்மண்டையும் ஒன்றாக நுழைந்து வர வேண்டுமே, 70க்குக் குறைக்காதீர்கள்.

மூங்கில் பத்தை ஒரு சென்டிமீட்டர் அகலம், மூன்று மில்லிமீட்டர் தடிப்பு போதும். கவ்வாத்துக் கத்தியால் உட்பக்க வெள்ளையைச் சீவிவிட்டு, பச்சைத்தோல் வெளியே இருக்கும்படி வளையுங்கள். வளைவில் கணு வந்தால் படக்கென்று அங்கேயே முறியும். அன்று வெட்டிய மூங்கிலை அன்றே கட்டாதீர்கள்: காயக் காயச் சுருங்கி, கட்டெல்லாம் தளர்ந்து, விழா அன்று சிறுத்தைக்குப் பக்கவாதம் வந்துவிடும். சில நாள் காயவைத்து, வளைப்பதற்கு முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். கட்டுக் கம்பியின் நுனிகளை வெளிப்பக்கம் மடக்கித் துணி சுற்றுங்கள். மறந்தால் பிள்ளையின் காதே சொல்லும்.

மூக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டாம். பதினைந்து விட்டால் நாய் முகம். அதோடு முன்பாரத்தில் தலை தொங்கி, சிறுத்தை மேடையில் சில்லறை தேடும். காது வட்டமாக, சின்னதாக, உச்சியிலிருந்து சற்று இறங்கிப் பக்கவாட்டில். உச்சியில் நட்டால் பூனை, நீட்டினால் முயல்.

பிள்ளை பார்ப்பது சிறுத்தையின் வாய் வழியாக; அங்கே கறுப்பு நுளம்புவலை. மூக்குத் துவாரத்தையும் பிடரியில் ஒரு கைப்பிடி அளவையும் திறந்தே விடுங்கள். இல்லாவிட்டால், கண்ணாடி போடுகிற பிள்ளையென்றால், நுவரெலியாக் குளிரில் உள்ளே விடுகிற மூச்செல்லாம் மூக்குக் கண்ணாடியில்தான் படியும்; அப்புறம் சிறுத்தையைக் கைபிடித்துத்தான் மேடைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கூட்டின்மேல் கடதாசி ஒட்டுகிறவர்கள் மெல்லிசாக ஒட்டி, ஒவ்வொரு படையும் காய்ந்தபிறகே அடுத்ததுக்குப் போங்கள். பனிமூட்ட நாளில் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வைத்தால் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். அடுப்புக்கு மேலே எட்டத்தில் தொங்கவிடுங்கள், கோதுமை மாப்பசைக்கு எலி வரும் என்பதால் தனிக் கம்பியில். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவது முக்கியம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முதல் தேத்தண்ணி வைக்க விடியக்காலை இருட்டில் எழும்புகிற அப்பாயிக்கு நீங்கள் சிறுத்தை கட்டுவது தெரிந்திருக்காது.