நான்கு லேபல் ஒட்டிய புத்தகம்

எங்கள் கொழும்புப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலர்க் குழு இந்த முறை அனுப்பிய படிவத்தில் பெயர், உயர்தரம் எழுதிய ஆண்டு, இப்போது இருக்கும் ஊர் எல்லாவற்றுக்கும் கீழே ‘துறை’ என்று ஒரு சின்னக் கட்டம். எங்கள் 1995 வகுப்புக்காரர் நிரப்பியதை வட்சப்பில் பார்த்தேன். ஒருத்தன் டெங்கு நுளம்பின் முட்டையை ஆராய்கிறான். தண்ணீர் வற்றிய பூச்சாடித் தட்டில் அது மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். இன்னொருத்தன் 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டத்தில் பட்டம் எடுத்து, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொத்துச் சொற்களோடு இருபது வருடம் குடும்பம் நடத்துகிறான். நான் ரொறன்ரோவில் பாலக் கம்பிகளோடு மாரடிக்கிறேன். மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

உயர்தரத்துக்கு வந்ததும் எங்களைப் பிரித்துவிட்டார்கள். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் எடுத்தவன் கலைப் பிரிவுப் பக்கம் போவது தண்ணீர் குடிக்க மட்டும்தான். பைப் அங்கேதான் இருந்தது. அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கிரிக்கெட்டில் இருந்து தப்புவதற்காக நான் நூலகப் பொறுப்பு எடுத்தேன். மேல்மாடி நூலகத்துக்குக் காலி வீதிச் சத்தமும் கடற்காற்றும் சேர்ந்தே வரும். அந்த உப்புக் காற்றில் ஸ்டேப்பிள் கம்பிகள் துருப்பிடித்துப் பக்கங்களில் கபில நிறமாக ஊறியிருக்கும். என் வேலை டூயி தசாம்சப் பகுப்பின்படி இலக்கம் எழுதிப் புத்தக முதுகில் ஒட்டுவது. சமயம் 200, சமூகவியல் 300, விஞ்ஞானம் 500, கலைகள் 700, இலக்கியம் 800. ஒரு புத்தகம் ஒரு இடத்தில்தான் இருக்கலாம், ஆகவே ஒரே ஒரு இலக்கம்தான். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் கையில் வந்த அன்றுதான் வில்லங்கம். பெயரைப் பார்த்து நரம்பு வாத்தியம் என்று 787 ஒட்டினேன். பிறகு சும்மா விரித்தால் உள்ளே பின்னங்களும் அட்டவணைகளும்! இது ஒலியியல் என்று அதன் மேலேயே 534ஐ ஒட்டினேன். அடுத்த நாள் தமிழ் மாஸ்டர் கண்டுவிட்டார். “சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை எழுதப்போய் விரிஞ்ச நூலடா இது. இதைக் கொண்டுபோய் பௌதிகத்துக்கை வைச்சிருக்கிறியே?” என்று சொல்லித் தன் கையாலேயே தமிழ் இலக்கியத்துக்கான 894.811 எழுதி ஒட்டினார்.

எனக்கும் ரோசம் வந்துவிட்டது. “சேர், லாப் பக்கம் ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிட்டேன். ஆய்வுகூட வாசலில் அவர் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று சொல்லி, இழுத்துக் கட்டிய கம்பியின் நீளத்தை மாற்றிச் சுரம் பார்க்கும் சுரமானிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். 60 சென்றிமீற்றர் கம்பியை ஒருமுறை சுண்டினேன். பிறகு அடியில் இருக்கும் கட்டையை நகர்த்தி 40இல் வைத்துச் சுண்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய குரலில் முதலாவதற்கு ‘ச’ என்றும் இரண்டாவதற்கு ‘ப’ என்றும் பாடினார். பிறகு, அவற்றின் பழந்தமிழ்ப் பெயரில், “குரல்... இளி” என்றார். மூன்றில் இரண்டு பங்கு நீளம். பாதி நீளமான 30இல் வைத்தபோது மேற்குரல், அதாவது மேல் ‘ச’. “இன்னொருக்கா அடி” என்றார். பிரயோக கணிதப் பாடம் தொடங்கும் மணி அடித்தும் நாங்கள் போகவில்லை.

அடிகளார் விஞ்ஞானம் படித்தது எங்கள் ஊரில்தான் என்று அன்று அவர் சொல்லித்தான் தெரியும். காரைதீவில் பிறந்தவர், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா, பிறகு லண்டன் பி.எஸ்ஸி. இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே இருந்த காலத்தில், 1943இல், அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர். யாழ் நூல் அரங்கேறியது 1947 யூனில். யூலையில் அவர் காலமாகிவிட்டார். இதே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் கனிம ஆராய்ச்சிக்காரராக வேலை தொடங்கியவர்தான். பிறகு பொஸ்ரன் நூதனசாலையில் இந்தியக் கலைக்குப் பொறுப்பாக இருந்தார். ஆனால் அவர் புத்தகம் எதுவும் எங்கள் நூலகத்தில் இருக்கவில்லை. அந்த வகையில் தப்பினேன்.

கடைசியில் வழக்கு நூலக மாஸ்டரிடம் போனது. அவர் பேசாமல் நாலாவது லேபலாக மறுபடி 787ஐ ஒட்டினார். பிறகு இரண்டு பட்டியல் அட்டை எடுத்து, ‘யாழ் நூல், 787 காண்க’ என்று எழுதி ஒன்றை 534 இழுப்பறையிலும் மற்றதை 894 இழுப்பறையிலும் செருகினார். “புத்தகம் ஒரு இடத்திலைதான் நிக்கும். அட்டை எத்தனை இடத்திலையும் நிக்கலாம்” என்றார். இதை எனக்கு முன்னமே சொல்லியிருந்தால் பசையாவது மிஞ்சியிருக்கும்.

அதே வருடம் கொழும்பு நூதனசாலைக்குப் போனோம். காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் பெடியன்கள் மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் அது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை சொல்கிறது. எழுத்துகள் தேய்ந்து கிடந்ததால் அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனதில் நின்றது ஒன்றுதான்: 1911இல் அதைக் கண்டெடுத்தவர் ஒரு பொறியியலாளர். மதகு மூடிய பலகைக் கல்லாகக் குப்புறக் கிடந்திருக்கிறது. வாசிக்க மூன்று மொழி அறிஞர்கள் வேண்டியிருந்தது, புரட்டிப் பார்க்க வடிகான் பார்க்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

என் வேலையும் கிட்டத்தட்ட அதே சுரமானிதான். தொங்கும் பாலத்துக் கம்பியில் ஒரு அதிர்வுமானியைக் கட்டி, கம்பி செக்கனுக்கு எத்தனை தரம் ஆடுகிறது என்று எடுத்தால், நீளமும் நிறையும் தெரிந்த கம்பியின் இழுவிசை வந்துவிடும். குளிரில் விறைத்த கையோடு அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தமிழ் மாஸ்டரின் ‘இளி’ காதில் கேட்கும். கூட வேலை செய்பவர்களிடம் இதைச் சொல்ல முடியாது.

2019இல் கொழும்பு போனபோது பள்ளிக்கூடத்துக்கும் போனேன். அட்டை இழுப்பறைகள் இல்லை, கம்பியூட்டர் வந்துவிட்டது. அலமாரியில் தேடி யாழ் நூலை எடுத்தேன். முதுகில் அந்தப் புடைப்பு அப்படியே இருந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பினேன்: 787க்குக் கீழே தமிழ் மாஸ்டரின் 894.811, அதற்கும் கீழே என் கோணல் எழுத்தில் ஒரு 5. மேசையில் இருந்த நூலகப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தா. எச்சில் தொட்டு ஒட்டி வைத்துவிட்டு வந்தேன்.